பால்மரக் கொட்டையும் ஒரு பால்மாவு டப்பாவும்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு அமர்வது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். ஆகவே நான் வேறொன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். பால்மரக் கொட்டையைப் பற்றி! சிரிக்காதீர்கள். பெரியவர்கள் பலருக்கு இந்நேரம் உள்ளங்கை சுட்டிருக்கும். கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடாதவர் நம்மில் யார்? ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓங்கிக் குத்தி, எவன் கொட்டை உடையாமல் நிற்கிறது என்று பந்தயம் கட்டாதவர் யார்?

நான் இந்தப் பள்ளியில் படித்தது 1960-களில். விடுமுறை நாட்களில் விடியுமுன்பே அம்மாவோடு வெளிக்காட்டுக்குப் போவேன். மங்கு துடைப்பதும் ஒட்டுப்பால் பிடுங்குவதும் என் வேலை. ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்த்துத் துளிர்த்துப் பூக்கும் மரங்கள், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கொட்டை உதிர்க்கும். வெயில் ஏற ஏறக் காடெங்கும் "படார், படார்" என்று சத்தம். காய்க்குள் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. காய்ந்த ஓடு முறுக்கிக்கொண்டு வெடிக்கும்போது கொட்டை ஐம்பது அடிக்கு அப்பாலும் போய் விழும். தன் பிள்ளைகள் தன் நிழலிலேயே கிடந்து வாடக் கூடாது என்று மரம் செய்கிற ஏற்பாடு அது.

அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி ஒரு பால்மாவு டப்பாவில் சேர்த்து வைத்தேன். சாம்பல் நிறத்தில் பழுப்புப் புள்ளி, வரி, திட்டு! சிலது நீளம், சிலது உருண்டை. மாலையில் லயத்து வாசலில் கொட்டி இனம் பிரிப்பேன். அதுதான் என் பொழுதுபோக்கு. காசு செலவில்லாத பொழுதுபோக்கு.

ஒருநாள் பள்ளி அறிக்கை வீட்டுக்கு வந்தது. கணக்கில் சிவப்பு மை. அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "படிக்கச் சொன்னா குப்பை பொறுக்கிக்கிட்டு வர்றியா?" என்று டப்பாவை எடுத்துக் கொல்லைப்புறக் கால்வாயில் வீசிவிட்டார். நான் அழுதுகொண்டே பொறுக்கினேன்.

அப்பா வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் பக்கத்தில் குந்தி அவரும் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, "இது கோயில் பக்கத்து மரம். இது புத்துக்கிட்ட நிக்குதே, அது. இது ஓடை ஓரத்து மரம்" என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"எப்படிப்பா தெரியும்?"

"ஒரு மரத்துக் கொட்டைக்கு ஒரே கோலம்தாண்டா. தாய்ச் சாயல்."

"அப்ப புதுக்காட்டுல மட்டும் எல்லா மரத்துக் கொட்டையும் ஒரே மாதிரி இருக்கே?"

"அது ஒட்டுக் கட்டின மரம்டா. அத்தனைக்கும் தாய் ஒண்ணுதான்."

என் அப்பா சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தவர். பள்ளிப் படிவத்தில் "தந்தையின் கல்வி" என்ற இடத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். பக்கத்துப் பையன் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு "இல்லை" என்று எழுதுவேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் ரப்பர் பயிரைப் பற்றிய ஒரு நூலைப் புரட்டினேன். கொட்டையின் மேலோடு தாய்மரத்தின் திசுவால் ஆனது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் ஓட்டின் கோலம் மாறாது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் கொட்டையைப் பார்த்தே அது எந்த ஒட்டு இனம் என்று அடையாளம் காண்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. அப்பா கால்வாய் ஓரத்தில் சொன்னது அப்படியே அச்சில்! அன்றைக்கும் வெட்கப்பட்டேன். ஆனால் அப்பாவை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

விடுமுறைக்கு வந்தபோது அவரிடம் சொன்னேன். "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஆற்றிக் குடித்தார். அவ்வளவுதான்.

மாணவர்களே, அந்த ஒரு கொட்டை என்னை எங்கெல்லாம் அழைத்துப் போயிற்று தெரியுமா? 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 கொட்டைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். எண்ணெய்ப் பசை உள்ள கொட்டை, சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆகவே முளைத்தவை சில ஆயிரமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்ததற்கு இந்தக் கொட்டையும் ஒரு காரணம். வரலாற்றுப் பாடம் என் டப்பாவுக்குள்ளேயே கிடந்தது!

"எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனைதானே, ஐயா" என்று நீங்கள் கேட்கலாம். செம்பனையிலும் வேடிக்கை உண்டு. ஆண் பூங்குலையில் மொய்க்கும் சின்னஞ்சிறு வண்டைப் பாருங்கள். அது 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டு வந்து விடப்பட்டது. அதற்குமுன் மகரந்தத்தை மனிதர்களே தூவ வேண்டியிருந்தது. அந்த வேலை செய்த அம்மாமார் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். போய்க் கேளுங்கள். கேட்டதை நோட்டுப் புத்தகத்தில் நாள் போட்டு எழுதி வையுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: பால்மரக் கொட்டையைப் பச்சையாகத் தின்னாதீர்கள், அதில் நஞ்சு உண்டு.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை அஞ்சல்தலையோ, பழைய காசோ, இறகோ, கொட்டையோ சேர்த்தால் குப்பை என்று வீசிவிடாதீர்கள். படிப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள், தவறில்லை. என் அம்மா கோபித்ததும் நான் கரையேற வேண்டும் என்ற கவலையால்தான். ஆனால் ஐந்து நிமிடம் பக்கத்தில் குந்துங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது புத்தகத்தில் வருவதற்குச் சில நாளாகும், அவ்வளவுதான்.

நாங்கள் இருந்த லயம் இடிபட்டுவிட்டது. புத்துக்கிட்ட நின்ற மரமும் இல்லை. ஆனால் அதன் கொட்டை ஒன்று இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாருங்கள், காட்டுகிறேன். தேய்த்துப் பார்க்கத் தரமாட்டேன்!

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் பாராட்டு. பரிசு பெறாத பிள்ளைகளே, உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று அடுத்த ஆண்டு என்னிடம் சொல்லுங்கள்.