பல்லில் கறை, ஈறில் கருமை

(தொலைக்காட்சி அரங்கில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைத்தெருவில் நடந்தால், பூமாலைக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கட்டும் இருக்கும். தாம்பூலம் இல்லாமல் நம் வீட்டுக் கல்யாணம் இல்லை. அதனால் வெற்றிலையைப் பற்றிப் பேசினாலே சிலருக்குக் கோபம் வருகிறது. தட்டில் வைக்கும் வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை. பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து, தினமும் கன்னத்தில் அடக்கி வைக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

பாக்கின் துவர்ப்புச் சத்து சுண்ணாம்போடு சேர்ந்ததும் சிவக்கிறது. அந்தச் சிவப்பு பல்லில் படிந்து, பழுப்பாகி, பிறகு கறுத்துவிடுகிறது. கெட்டித் தேநீர், காப்பி, சிகரெட் ஆகியவையும் கறை கொடுக்கும். "நான் இவை எதையும் தொடுவதில்லையே டாக்டர்" என்பவர்களும் உண்டு. இரும்புச்சத்து டானிக், குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து ஆகியவற்றாலும் பல் கறுக்கும். சிறு பிள்ளைகளுக்கு ஈறை ஒட்டி மெல்லிய கருங்கோடு வருவது பெரும்பாலும் ஒருவகைக் கிருமியால்தான். பயப்பட வேண்டாம்.

ஈறு கறுப்பாக இருப்பது நம்மவர் பலருக்கு இயற்கை. தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் அங்கும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது நோயல்ல. ஆனால் பல் துலக்கும்போது இரத்தம் வந்து, ஈறின் ஓரத்தில் கருங்கோடு தெரிந்தால், உள்ளே காரை கட்டியிருக்கலாம். இரத்தம் பட்டுப் பட்டு அந்தக் காரை கறுத்துப் போகிறது. இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள், அது இன்னும் மோசம்.

தோட்டத்தில் உமிக்கரியால் துலக்கிய பழக்கம் பலருக்கு நினைவிருக்கும். கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் கறையோடு பல்லின் மேல்பூச்சும் தேய்ந்துவிடும். எலுமிச்சை அந்தப் பூச்சையே கரைக்கும். கறையை நீக்க பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்வதே வழி. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்கிறார்கள். காரை பிடித்துக்கொண்டிருந்த பல் ஏற்கெனவே ஆடியதுதான், ஐயா!

கறை போய்விடும். எனக்குக் கவலை வேறு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் அதிகம் தாக்குவது இந்தியர்களை. முக்கியக் காரணம் இந்த மெல்லும் பழக்கம். "நான் புகையிலை சேர்ப்பதில்லை" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறிவிட்டது.

ஆகவே கண்ணாடி முன் நின்று பல்லை மட்டும் பார்க்காதீர்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், புதிதாக வந்த கருந்திட்டு, காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாதபடி வாய் குறுகிப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்தில் காட்டுங்கள். வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், தொடக்கத்தில் அது வலிக்காது. "பல்லே இல்லை, எனக்கெதற்குப் பல் டாக்டர்" என்று சொல்லும் பாட்டியையும் கூட்டிப் போங்கள்.