நூறு ரூபாய்க்கு ஒரு பிள்ளை

(தருமபுரியில், தொண்டு நிறுவனக் குழந்தைகள் இல்லப் பணியாளர் கூட்டத்தில் பேசியது)

பிள்ளைகளை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்திருக்கிற ஆயாக்களே!

போன வாரம் ஆய்வுக் கூட்டத்தில் ஓர் அதிகாரி கேட்டிருக்கிறார்: “சேவை செய்யத்தானே வந்தீங்க? அப்புறம் எதுக்குப் பணம், பணம்னு நிக்கிறீங்க?” அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஐயா, கணக்கைக் கேளுங்கள். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டுதல்படி இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய். நாளைக்கு நூறு ரூபாய்! அதற்குள் மூன்று வேளைச் சோறு, துணி, சோப்பு, தலைக்கு எண்ணெய், காய்ச்சல் வந்தால் மருந்து. உங்கள் வீட்டுப் பிள்ளையை நூறு ரூபாயில் ஒரே ஒரு நாள் வளர்த்துக் காட்டுங்கள், நான் மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

“2009-இல் 750 ரூபாய்தானே இருந்தது, ஏற்றிவிட்டோமே” என்பார்கள். ஏற்றினீர்கள். அரிசியும் பருப்பும் உங்களைக் கேட்டுக்கொண்டா விலை ஏறின?

அந்த நூறு ரூபாயாவது நேரத்துக்கு வருகிறதா? பென்னாகரம் பக்கம் ஒரு மளிகைக் கடையில் பழுப்பு அட்டை நோட்டு ஒன்று பார்த்தேன். மேலே ‘ஹோம்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே அரிசி, துவரம் பருப்பு, பால் பவுடர் என்று மாதக்கணக்கில் பாக்கி. “கிராண்ட் வந்தா குடுப்பாங்க” என்கிறார் கடைக்காரர். அரசாங்கத்துக்கு உலக வங்கிதான் கடன் கொடுக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே மளிகைக் கடைக்காரர் கொடுக்கிறார்! அந்த இல்லத்து அம்மாவின் காதில் தோடு இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும்.

இந்தத் தருமபுரி எந்த ஊர்? பெண் சிசுக்கொலை என்று நாடே விரல் நீட்டிய ஊர். 1992-இல் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கே வந்தது. தொட்டில் வைத்தது அரசாங்கம், மறுக்கவில்லை. அந்தத் தொட்டிலில் விடப்பட்ட சிசுக்களைத் தத்துப் போகும்வரை தோளில் போட்டு ராத்திரியெல்லாம் நடந்தவள் யார்? தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டமும் 1989-இல் இந்த மாவட்டத்தில்தான் பிறந்தது. வீடு வீடாகப் போய் அந்தக் குழுக்களைச் சேர்த்தவர்கள் தொண்டு நிறுவனப் பெண்கள். இன்று எல்லா மேடையிலும் குழுவின் பெருமை பேசுகிறார்கள், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

தத்து மையத்து ஆயாவுக்கு அதே மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல் எழுதிய சம்பளம் 7,944 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தாலும் நாளைக்கு 305. தமிழ்நாட்டில் 2025-26-இல் நூறு நாள் வேலைக் கூலி 336! ஏரி மண் அள்ளுகிறவருக்கு அது கூடுதல் இல்லை, இன்னும் வேண்டும். ஆனால் பச்சிளம் சிசுவைப் பார்க்கிறவளுக்கு அதைவிடக் குறைவா? வெட்கமாக இல்லையா?

“தொண்டு நிறுவனமெல்லாம் திருட்டுக் கூட்டம்” என்கிறார் ஒரு புள்ளி. திருடன் இருந்தால் பிடித்து உள்ளே போடு! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையா கொளுத்துவாய்? “நன்கொடை வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார் இன்னொருவர். பிறந்த நாளுக்குக் கேக் கொண்டுவந்து போட்டோ எடுத்துப் போகிறவர் கரண்ட் பில் கட்டுவாரா? அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்கிறோம். அதற்கான செலவைக் கேட்டால் பிச்சையா? நூறு ரூபாய், ஐயா, நூறு ரூபாய்!

விலைவாசியோடு மானியம் ஏற வேண்டும். காலாண்டு பிறந்ததும் பணம் வர வேண்டும். ஆயா சம்பளம் நூறு நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது. மனு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு, எல்லோரும் வந்து சேருங்கள்.