அச்சமும் கல்வியும்

புத்தளம் களப்பின் கரையிலும் கற்பிட்டித் தீபகற்பத்திலும் வாழ்ந்த முஸ்லிம் மக்களுக்கு எழுத்து புதியதன்று. லெப்பையின் திண்ணையில் சிறுவர் திருக்குர்ஆன் ஓதினர். அரபு எழுத்திலே தமிழை வாசிக்கவும் பழகினர். வீட்டு வாயிலைத் தாண்டாத பெண்களிடத்தும் அரபுத்தமிழ் ஏடுகள் வழங்கின. ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வெழுத்தறிவு கச்சேரியிற் செல்லவில்லை, நீதிமன்றத்திலும் செல்லவில்லை.

அங்கே செல்லுபடியான கல்வி பெரும்பாலும் பாதிரிமாரின் பாடசாலைகளிலேயே கிடைத்தது. அங்குச் செல்லும் பிள்ளை மார்க்கத்தை இழந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடல் முறையன்று. ஆனால், அதற்குக் கொடுத்த விலை பெரிது. காணி உறுதியை வாசிக்கவும் மனு எழுதவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

இந்நிலையை மாற்ற முனைந்தவர், கண்டியில் வழக்கறிஞராய் விளங்கிய அறிஞர் சித்திலெப்பை அவர்கள். வட இந்தியாவிலே, அலிகாரில், ஸர் செய்யித் அகமதுகான் 1875இல் புதுமுறைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த ஒறாபி பாஷாவும் அவருக்கு ஊக்கமளித்தார். பெற்றோரின் அச்சத்தைச் சித்திலெப்பை பழிக்கவில்லை. மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படின் அச்சத்திற்கு இடமேது என்று கேட்டார். 1884இல் கொழும்பில் தொடங்கிய பள்ளி ஆதரவின்றித் தளர்ந்தது, அவர் தளரவில்லை. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரின் துணையோடு, 1892இல் மருதானையில் ஸாஹிறா தோன்றியது. கண்டியிலே பெண்களுக்கும் பள்ளி அமைத்தார்.

கொழும்பிலிருந்து புத்தளம் ஏறக்குறைய 80 மைல். அத்தூரத்தைக் கடக்க இம்முயற்சிக்குப் பல பத்தாண்டுகள் சென்றன. 1921 முதல் 1948 வரை ஸாஹிறாவின் அதிபராயிருந்த ரி. பி. ஜாயா அவர்கள் வெளியூர்களிற் கிளைகளை நிறுவியபோதே புத்தளமும் ஒன்றைப் பெற்றது. இடையிலே வளர்ந்த தலைமுறைகளில் எத்தனை சிறுவர் தோணியையும் உப்பளத்தையும் தவிர வேறொரு வழியைக் காணாதிருந்தனர்! சிறுமியர் நிலையோ அதனினும் இரங்கத்தக்கது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்பின் உதவிபெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசினர் வசமாயின. முஸ்லிம் பாடசாலை என்னும் வகை அரசினர் முறையிலும் நிலைத்தது. சித்திலெப்பை கண்ட வழி வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று. பாடசாலை அமைப்போர் முதலிற் பெற்றோரின் அச்சத்தைச் செவிமடுத்தல் வேண்டும். அவ்வச்சத்திற்கு விடையளிக்கும் பாடசாலைக்கே பிள்ளைகள் வருவர். விடையளிக்கத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளின் கணக்கிலேயே பற்றெழுதப்படும்.