ஒரே ஒரு ஸ்க்ரூவை நம்பி கேமராவைச் சாய்க்காதீங்க

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல லென்ஸ் பத்திப் பேசும்போது, "டிரைபாட்ல என்ன இருக்கு, எதுனாலும் ஓகே"ன்னு போற போக்குல ஒரு வார்த்தை விட்டுட்டேன். எடிட் பண்ணும்போது அதைக் கேட்டுட்டு எனக்கே சங்கடமா போச்சு. ஏன்னா டிரைபாட் விஷயத்துல என்னை விட அதிகமா காசு விட்டவன் எங்க செட்ல யாருமே கிடையாது. அதனால இன்னைக்கு முழுக்க அதுக்குப் பரிகாரம். டிரைபாட் கூட இல்லை, டிரைபாடையும் கேமராவையும் சேர்க்கிற அந்தச் சின்ன உலோகத் துண்டு. பிளேட், பிராக்கெட், மவுண்ட்னு பல பேர்ல கடையில கேட்போமே, அதுதான் இன்னைக்கு மேட்டர்.

முதல்ல கதை. அப்புறம் பாடம்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்ல கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் இருக்கு இல்லையா, 1930ல கடல்ல ஒருத்தரைக் காப்பாத்தப் போய் உயிர் விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டினது. அந்த வெள்ளை வளைவு வழியா சூரியன் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற நீல வெளிச்சத்துல ஒரு படம் எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. போன்ல பார்க்கிற மாதிரி செங்குத்தா, லாங் எக்ஸ்போஷர்ல. என்கிட்ட டிரைபாட் இருந்தது, கேமரா இல்லை. ரூம்மேட்கிட்ட மிரர்லெஸ் கேமரா இருந்தது. அவன் வார நாள்ல ஆபீஸ் போவான், வார இறுதியில கல்யாண வீடுகளுக்கு செகண்ட் கேமராமேனா போவான். அந்தக் கேமரா அவனுக்குப் பொழுதுபோக்கு இல்லை, வருமானம். "பத்திரம்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தான்.

காலைல அஞ்சு மணி. ஈர மணல்ல டிரைபாடை நிறுத்தினேன். செங்குத்தா எடுக்கணும்னா பால் ஹெட்டை பக்கவாட்டுல அந்த வெட்டுப் பள்ளத்துக்குள்ள 90 டிகிரி சாய்ப்போம். சாய்ச்சேன். ஃப்ரேம் வெச்சேன். கையை எடுத்ததும் லென்ஸ் லேசா கீழே தலை குனிஞ்சது. ஹெட்டை இன்னும் இறுக்கினேன். மறுபடி குனிஞ்சது. மூணாவது தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கிட்டு, 30 செகண்ட் எக்ஸ்போஷர் போட்டுட்டு, டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். கேமரா தொங்கிக்கிட்டிருந்த பக்கத்துல டிரைபாடுக்குக் காலே இல்லை. பக்கத்துல இருந்த கால் மெதுவா மணல்ல இறங்கிடுச்சு. திரும்பிப் பார்க்கும்போது மொத்தமும் படிக்கட்டு ஓரத்துல குப்புறக் கிடந்தது.

ஷட்டர் திறந்திருக்கும்போதே விழுந்ததால அந்தப் படமும் பதிவாகியிருக்கு. வெள்ளைக் கோடு ஒண்ணு வளைஞ்சு கீழே போகும், அவ்வளவுதான்.

போன் பண்ணேன். "மச்சான், கேமரா விழுந்துடுச்சுடா." ரெண்டு செகண்ட் சத்தமே இல்லை. அப்புறம், "நீ விழலையே?" அவ்வளவுதான் கேட்டான். லென்ஸ் மவுண்ட் வளைஞ்சிருந்தது, உள்ளே மணல். கீழே போட்டு உடைச்சா வாரன்ட்டி எல்லாம் பேசாது. சர்வீஸ் பில் 14,500 ரூபாய். அதைவிட மோசம், அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு முகூர்த்தம் இருந்தது. வாடகைக் கேமரா எடுத்துட்டுப் போனான். ரெண்டு செலவும் என்னோடதுன்னு நான் சொன்னேன், மூணு மாசமா கொடுத்து முடிச்சேன். அவன் ஒரு நாள் கூடக் கேட்கலை. கேட்டிருந்தா கூட எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

என்னதான் தப்பு நடந்தது?

கேமராவுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கும். அதோட அளவு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். ஒரு அங்குலத்துக்கு 20 மரை. அந்த மரை அளவோட பூர்வீகம் 1841ல ஜோசப் விட்வொர்த்னு ஒரு ஆங்கிலேயப் பொறியாளர் போட்ட அட்டவணை வரைக்கும் போகுது. இன்னைக்கு ஐஎஸ்ஓ 1222ன்னு உலகத் தரமாவே வந்துடுச்சு. ஜப்பான் கேமரா, சீனா டிரைபாட், நாம வாங்கிறது ரிச்சி ஸ்ட்ரீட்ல, ஆனா ஸ்க்ரூ மட்டும் அங்குலக் கணக்கு. இதுல ஒரு எச்சரிக்கை: ஸ்க்ரூ தொலைஞ்சா தெருமுனை ஹார்டுவேர் கடையில எம்6 போல்ட் வாங்கிப் போடாதீங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மரை இடைவெளி வேற. ரெண்டு சுத்து உள்ளே போய் மாட்டிக்கும், பலமா திருகினா கேமராவோட மரை போயிடும்.

சரி, கேமரா நேரா நிக்கும்போது அந்த ஸ்க்ரூவுக்குப் பெரிய வேலை இல்லை. எடை பிளேட் மேல உட்கார்ந்திருக்கு. சாய்ச்சதும் கதை மாறுது. ஸ்க்ரூ படுத்த வாக்குல இருக்கு, லென்ஸ் முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கு. லென்ஸோட எடை மொத்தக் கேமராவையும் அந்த ஸ்க்ரூவைச் சுத்தித் திருப்பப் பார்க்கும். கேமராவோட கைப்பிடி மேல இருக்கிற மாதிரி சாய்ச்சா, ஸ்க்ரூ தளர்ற திசையில திருப்பும். கைப்பிடி கீழே இருந்தா இறுகுற திசை. நான் சாய்ச்சது முதல் விதம். ஹெட்டை எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனமில்லை, நழுவினது ஹெட் இல்லை, பிளேட்டுக்கும் கேமராவுக்கும் நடுவுல இருந்த பிடி. ரெண்டாவது, மொத்த எடையும் டிரைபாடோட நடுவுல இருந்து ஒரு பக்கம் விலகிப் போச்சு. அந்தப் பக்கம் ஒரு கால் வர்ற மாதிரியாவது திருப்பி வெச்சிருக்கணும். அதைக்கூடச் செய்யலை.

இந்த ரெண்டு பிரச்சினைக்கும் ஒரே பதில்தான் எல் பிராக்கெட். பேர் சொல்ற மாதிரி எல் வடிவத்துல, கேமராவோட அடியையும் இடது பக்கத்தையும் அணைச்சுக்கிட்டு இருக்கும். ரெண்டு பக்கமும் கிளாம்ப்ல மாட்டலாம். செங்குத்தா வேணும்னா ஹெட்டைச் சாய்க்கவே வேண்டாம். கேமராவைக் கழட்டி, திருப்பி, பக்கவாட்டுல மாட்டினா போச்சு. எடை நடுவுலயே நிக்கும், லென்ஸ் உயரமும் பெருசா மாறாது, ஃப்ரேமைத் திரும்பத் தேட வேண்டாம்.

நான் வரிசையா வாங்கின தப்புகள்

இது தெரிஞ்சதும் புத்திசாலித்தனமா ஆன்லைன்ல 900 ரூபாய்க்கு ஒரு "யூனிவர்சல்" எல் பிராக்கெட் ஆர்டர் போட்டேன். வந்தது. என் டிரைபாட்ல மாட்டவே இல்லை.

ஏன்னா கிளாம்ப்ல பல ஜாதி. ஆர்க்கா-ஸ்விஸ்னு ஒரு கம்பெனி, ஸ்விட்சர்லாந்துல ஆரம்பிச்சு இப்போ பிரான்ஸ்ல இருக்கு. அவங்க கொண்டு வந்த வடிவம்தான் இன்னைக்கு ரொம்பப் பரவலா இருக்கு: பிளேட்டோட ரெண்டு விளிம்பும் சரிவா இருக்கும், அகலம் சுமார் 38 மில்லிமீட்டர், நீளவாக்குல சறுக்கி வெச்சு இறுக்கலாம். மான்ஃப்ரோட்டோவோட ஆர்சி2 பிளேட் வேற வடிவம், வீடியோ ஹெட்டுக்கு வர்ற நீளப் பிளேட் வேற. என்னோடது டிரைபாடோடவே வந்த ஒரு சதுரப் பிளேட், அது இதுல எதுவுமே இல்லை. எல் பிராக்கெட் எல்லாம் பெரும்பாலும் ஆர்க்கா வடிவத்துக்குத்தான் செய்றாங்க. அதனால பிராக்கெட் தேடறதுக்கு முன்னாடி உங்க ஹெட்டோட கிளாம்பைப் பாருங்க. ஆர்க்கா வகையா இல்லைன்னா பயப்பட வேண்டாம், மொத்த டிரைபாடையும் மாத்தத் தேவையில்லை. பல டிரைபாட்ல ஹெட்டும் காலும் 3/8 அங்குல ஸ்க்ரூவுலதான் சேர்ந்திருக்கும். தலையை மட்டும் கழட்டி மாத்திக்கலாம். சின்ன டிரைபாட்ல ஹெட் காலோடவே ஒட்டி வரும், அதையும் முன்னாடியே பார்த்துக்கோங்க.

ஹெட்டை மாத்தினேன். பிராக்கெட் மாட்டுச்சு. இப்போ ரெண்டாவது ஞானம்: பேட்டரி மூடி திறக்கலை. பிராக்கெட்டோட அடிப்பாகம் மூடி மேல பாதி உட்கார்ந்திருக்கு. ஒவ்வொரு தடவை பேட்டரி மாத்தவும் ஆலன் கீ எடுத்துக் கழட்டணும். பக்கவாட்டுல மைக் வயர் சொருகற இடமும் மறைஞ்சிருக்கு. அதைவிடப் பெரிய விஷயம், கேமரா இன்னும் லேசா திரும்புது. யூனிவர்சல்னா எந்தக் கேமராவுக்கும் பொருந்தற மாதிரி தட்டையா இருக்கும், எதையும் இறுக்கிப் பிடிக்காது. திரும்பவும் அதே ஒத்தை ஸ்க்ரூவை நம்பித்தான் இருக்கேன்.

கடைசியா, அவனோட கேமரா மாடலுக்குன்னே செஞ்ச பிராக்கெட் ஒண்ணு வாங்கினேன். 3,200 ரூபாய். அடியில கேமராவோட விளிம்பை ஒட்டி ஒரு சின்ன உதடு மாதிரி எழும்பியிருக்கும். கேமரா திரும்பப் பார்த்தா அந்த உதடு தடுக்கும். அந்த ரெண்டு மில்லிமீட்டர் உலோகத்துக்குத்தான் நாம காசு கொடுக்கிறோம்.

கடையில என்ன பார்க்கணும்?

கையில கேமராவோட போங்க. மாட்டிப் பாருங்க. பேட்டரி மூடி முழுசா திறக்குதா? மெமரி கார்டு எடுக்க முடியுதா? ஹெச்டிஎம்ஐ, மைக், சார்ஜிங் வயரைச் சொருகினா பக்கத் தகடு இடிக்குதா? ஸ்க்ரீன் பக்கவாட்டுல விரியற கேமரான்னா அதை விரிச்சுச் சுத்திப் பாருங்க. சில பிராக்கெட்ல பக்கத் தகடை வெளிய இழுத்துக்கிற வசதி இருக்கும். வயர் அதிகம் சொருகறவங்களுக்கு அது நல்லது.

அடுத்து கிளாம்ப். லீவர் வகை ஒரே தட்டுல மூடும், வேகம். ஆனா ஆர்க்கா வடிவம்கிறது எல்லாரும் கையெழுத்துப் போட்ட தரம் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். லீவர் ஒரு அளவுக்கு மட்டும் செட் ஆகியிருந்தா, வேற கம்பெனி பிளேட்ல தளர்வா நிக்கும், இல்ல மூடவே மூடாது. திருகு வகை மெதுவா இருந்தாலும் எந்த அளவையும் பிடிச்சுக்கும். வேற வேற கம்பெனி பொருளைக் கலந்து வெச்சிருந்தா திருகு வகைதான் என் ஓட்டு.

பிளேட்டோட ரெண்டு முனையிலும் குட்டி ஸ்க்ரூ நீட்டிக்கிட்டு இருக்கா பாருங்க. கிளாம்ப் தளர்ந்தாலும் கேமரா சறுக்கி வெளிய வராம அது தடுக்கும். பல பேர் இடிக்குதுன்னு அதைக் கழட்டி எறிஞ்சுடறாங்க. எறியாதீங்க. ஆலன் கீயை பிராக்கெட்டுக்குள்ளயே காந்தத்துல ஒட்டி வைக்கிற மாடல் இருக்கு, அது கிடைச்சா விடாதீங்க.

யாருக்கு இது வேண்டாம்?

எல்லாருக்கும் எல் பிராக்கெட் வேணும்னு நான் சொல்லலை. படுக்கை வாக்குல வீடியோ மட்டும் எடுக்கிறீங்கன்னா, உதடு வெச்ச நல்ல சாதாரண பிளேட் போதும். நீளமான டெலி லென்ஸ் போடறவங்க, லென்ஸுக்கே கால் இருக்கும், அதுல பிளேட்டை மாட்டுங்க. கேமரா அடியில மாட்டினா முன்பாரம் மொத்தமும் லென்ஸ் மவுண்ட் மேல விழும். வருஷத்துக்கு ரெண்டு தடவை டிரைபாட் எடுக்கிறவங்க காசைச் சேர்த்து வைங்க. ரீல்ஸ், ஷார்ட்ஸுக்குச் செங்குத்தா வீடியோ எடுக்கிறவங்க, பனோரமா எடுக்கிறவங்க, விடியற்காலை பீச்சுக்குப் போற என்னை மாதிரி ஆளுங்க, இவங்களுக்குத்தான் இது.

பீச்னு சொன்னதும் ஒண்ணு. வீட்டுக்கு வந்ததும் கேமராவைக் கழட்டி வெச்சுட்டு, பிளேட்டை நல்ல தண்ணியில கழுவித் துடைங்க, கிளாம்பை ஈரத் துணியால துடைங்க. உப்பும் மணலும் அந்தச் சரிவான பள்ளத்துல ஒளிஞ்சுக்கும். ஒரு மணல் துகள் போதும், கிளாம்ப் முழுசா மூடாம இருக்க.

வாங்கினதும் முதல் சோதனை கட்டில் மேல. உங்ககிட்ட இருக்கிறதுலயே கனமான லென்ஸைப் போட்டு, மெத்தைக்கு நேரா மேல வர்ற மாதிரி மாட்டுங்க. ஸ்க்ரீன்ல கிரிட் கோட்டை ஆன் பண்ணி, நடுவுல ஒரு சுவிட்ச் போர்டை வைங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. சுவிட்ச் போர்டு நகர்ந்திருந்தா, எங்கே நழுவுதுன்னு கண்டுபிடிங்க: கேமராவுக்கும் பிளேட்டுக்கும் நடுவுலயா, பிளேட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவுலயா, ஹெட்லயா. நான் அன்னைக்கு பீச்ல இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா, மூணு தடவையும் தப்பான இடத்தை இறுக்கியிருக்க மாட்டேன்.

அந்த பிராக்கெட் இப்போ எங்கேன்னு கேட்பீங்க. ரூம்மேட் கேமராவுலதான். அவன் கழட்டவே இல்லை, கல்யாண வீட்டுக்கும் அதோடதான் போறான். போன மாசம் நான் மறுபடி பீச்சுக்குப் போகணும்னு இருந்தேன், கேட்கத் தயக்கமா இருந்தது. அவனே பையைத் தூக்கிக் கொடுத்தான். "பத்திரம்டா"ன்னு இந்தத் தடவை சொல்லலை. "நானும் வரேன்"னு சொன்னான். படம் கிடைச்சது. டிரைபாடைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். அதுவரைக்கும் ஒரு தடவை உங்க பிளேட்டைத் தொட்டுப் பாருங்க, ஆடுதான்னு.