சொற்பொருள் தெளிவோம்



வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் மேடையில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிச் சில கூறுமாறு நம்மைப் பணித்துள்ளனர். இலக்கணப் பாடம் நடத்த நாம் வரவில்லை. ஒரே பொருளுடையன போலத் தோன்றும் சொற்கள் நம் மக்களின் வாழ்வில் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கின்றன என்பதையே சொல்ல வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவருக்கு அலுவலகம் ஒன்றிலிருந்து பணி ஆணை வந்தது. குறித்த நாளில் அவருடைய தாயார் மருத்துவமனையில் இருந்தார். அன்று சேர இயலவில்லை என ஒரே வரியில் எழுத எண்ணியவர், 'அன்வில்லிங்' என்று எழுதி அனுப்பிவிட்டார். எழுதியிருக்க வேண்டிய சொல் 'அனேபிள்'. முன்னது விருப்பமின்மை, பின்னது இயலாமை. விருப்பமில்லை என்றவருக்கு அவகாசம் எதற்கு? பதினைந்து நாள் கழித்து அவர் சென்றபோது, அவ்விடம் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போய்விட்டது.

பிழை அவருடையது மட்டுமன்று. தமிழில் 'முடியாது' என்னும் ஒரே சொல் இயலாமையையும் குறிக்கும், மறுப்பையும் குறிக்கும். 'இச்சுமையைத் தூக்க முடியாது' என்றால் வலிமையில்லை. 'முடியாது, போ' என்றால் மனமில்லை. அவ்விரு ஆங்கிலச் சொற்களுக்கும் கரும்பலகையில் 'முடியாது' என்றே பொருள் எழுதியவர் நாமே! அன்று முதல் எந்தச் சொல்லையும் அதன் இணையை அருகே நிறுத்தியே கற்பிக்கிறோம்.

இன்னோர் இணை, 'எலிஜிபிள்', 'என்டைட்டில்டு' என்பன. இரண்டிற்கும் 'தகுதியுடைய' என்றே பலர் பொருள் கொள்வர். வரிசையில் நிற்கலாம் என்பது முன்னது. கொடுத்தே தீர வேண்டும் என்பது பின்னது. பட்டம் பெற்றவர் தேர்வெழுத எலிஜிபிள். மாதம் முழுதும் உழைத்தவரோ ஊதியத்திற்கு என்டைட்டில்டு. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் 15ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. எதிரிக்குப் பிணை வழங்குவது குறித்த விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தம் கருத்தைச் சொல்ல 'என்டைட்டில்டு' என்கிறது அப்பிரிவு. அது நீதிமன்றம் மனமிரங்கித் தரும் சலுகையன்று, உரிமை.

அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவையும் பாருங்கள். வரைவுக்குழுவின் தலைவராக அண்ணல் அம்பேத்கர் இருந்து உருவான அச்சட்டம், தீண்டாமையை 'அபாலிஷ்டு' என்கிறது. அதனைக் கைக்கொள்வதை 'ஃபர்பிடன்' என்கிறது. இரண்டும் ஒன்றெனில் ஒரு சொல்லே போதுமே! முன்னது ஒரு வழக்கத்தையே ஒழிப்பது. பின்னது மனிதனை நோக்கி, 'செய்யாதே' என விலக்குவது. ஒழித்தாயிற்று என்று ஏட்டில் எழுதியதனால் மட்டும் தேநீர்க்கடையின் தனிக்குவளை ஒழியாது. அக்குவளையை நீட்டும் கையைத் தடுக்க இரண்டாம் சொல் வேண்டும்.

இளைஞர்களே! அகராதியை அருகில் வையுங்கள். பொருள் விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள். வாரம் ஒரு மாலை இக்கழகத்தில் அமர்ந்து, நம் ஊர்ப் பெரியோர்களின் மனுக்களைப் படித்துச் சொல்லுங்கள். நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. நமக்கு எழுத்து கிடைத்துவிட்டது. பொருளையும் நாமே கைக்கொள்வோம்.

வளர்க கழகம்!