பண்ணையடிமைப் பாடமும் மூன்று வருசக் கணக்கும்

(வேலம்பாளையம் குறுவளமையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இடைக்கால ஐரோப்பா பாடத்தில் பண்ணையடிமை என்றதும் பிள்ளைகள் சங்கிலியையும் சாட்டையையும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். உண்மையில் பண்ணையடிமைக்குக் குடிசை இருந்தது, உழுதுண்ணத் துண்டு நிலமும் இருந்தது. அவனை நிலத்திலிருந்து பிரித்துச் சந்தையில் விற்பதில்லை. நிலம் கைமாறினால் அவனும் சேர்ந்து கைமாறினான். பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அனுமதியின்றி ஊரைவிட்டுப் போகக் கூடாது. அந்தக் கடைசி விதிதான் அவனைப் பண்ணையடிமை ஆக்கியது.

நம் தஞ்சைப் பண்ணையாளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் ஆளைக் கட்டிவைத்தது; அப்பன் கடனுக்கு மகனும் உழைத்தான். சாணிப்பாலும் சவுக்கடியும் 1940-களில் பி. சீனிவாசராவ் முதலானோர் நடத்திய போராட்டங்களால் ஒழிந்தன. கடன் அவ்வளவு எளிதில் ஒழியவில்லை. அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்ல 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இந்த வருடம் வகுப்பில் ஒரு கேள்வியோடு தொடங்கினேன்: "உங்க வீட்டுல வேலைக்குப் போறவங்க நெனச்சா வேலையை விட்டுட்டு வரமுடியுமா?"

பனியன் கம்பெனி டைலர் மகன் உடனே சொன்னான்: "சனிக்கிழம சம்பளம் வாங்கிட்டா, திங்கக்கிழம வேற கம்பெனிக்குப் போயிக்கலாமுங்க."

பின்வரிசையில் ஒரு மாணவி. தெற்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். "எங்கக்கா நூல் மில்லு ஹாஸ்டல்ல இருக்குதுங்க டீச்சர். மூணு வருசம் முடியாம வந்தா மொத்தப் பணம் வராதுங்க."

சுமங்கலித் திட்டம் என்று நாம் கேள்விப்பட்டதுதான். பண்ணையாள் முதலாளியிடம் கடன்பட்டான். இங்கே தலைகீழ்: பெண்ணின் கூலி முதலாளியிடம் நிற்கிறது, கடன் கொடுத்தவளே கட்டுண்டு கிடக்கிறாள். கூலியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்பது 1936 முதலே சட்டம். பசியின் நெருக்கடியும் கட்டாயம்தான், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவுக்கு எதிரான கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கு அது. பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு வயது பதினேழு. பத்தாம் வகுப்போடு நின்றவள். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், 1098-க்குப் பேசலாம் என்று சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னும் ஏழு மாசந்தானுங்க டீச்சர், இப்பக் கூட்டியாந்தா அந்தப் பணத்த யாரு குடுப்பாங்க?" என்றார்.

அடுத்த வாரமும் போகிறேன்.