வேலை நேரம் குறைந்தால் நஷ்டம் என்ன?

(பொம்மிடியில் ஆற்றிய சொற்பொழிவு)



ஓவர்டைம் பார்க்காமல் வீடு திரும்பினால் எவ்வளவு நஷ்டம் என்று, இங்கே ரயிலேறி வெளியூர் வேலைக்குப் போகும் தோழர்கள் கேட்கிறார்கள். கணக்கே போடுவோம்.

8 மணி நேரக் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 75. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஓவர்டைமுக்கு விதித்தது இரட்டைக் கூலி, ஆக 150. மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம் என்று அச்சட்டம் வைத்த எல்லைப்படி வருஷத்துக்கு 200 மணி நேரம். விட்டால் நஷ்டம் 30,000 ரூபாய். இதை மறைப்பானேன்?

ஆனால் மறுபக்கமும் எழுத வேண்டாமா? 200 மணி நேரம் என்பது 25 முழு வேலை நாள். தூக்கம், படிப்பு, பிள்ளைகளின் பாடம், சங்க வேலை எல்லாவற்றுக்கும் அதுதானே முதல்! ஆண்பிள்ளை ஆலையில் தங்கும் நேரமெல்லாம் வீட்டில் பெண் கூலியின்றிப் பாடுபடுகிறாளே, அதை எந்தப் பேரேட்டில் எழுதினோம்?

2023 ஏப்ரல் 21-இல், 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிலாளி இஷ்டப்பட்டால்தான் என்று சமாதானம் சொன்னார்கள். பசித்தவனுக்கு இஷ்டமேது? தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே 1-இல் வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது.

8 மணி நேரக் கூலியே குடும்பத்துக்குப் போதவேண்டும். அதற்குப் பிறகல்லவா ஓவர்டைம் நம் இஷ்டமாகும்? முதலில் அந்தக் கூலியைக் கேளுங்கள் என்கிறோம்.